பன்னெண்டு மாசத்துக்கும் ஒரு படகு

— அங்க கால வெக்காதம்மா. படகுப் பலகை இத்துப்போயிருக்குது. போன வாரம் நம்ம ஆடு ஏறி, முன்னங்காலு ரெண்டும் உள்ள பூந்துக்கிச்சு.

— இத்துப்போகலக்கா, காஞ்சுபோயிருக்கு. இத்த பலகையா இருந்தா அமுக்கினா மெத்துனு உள்ள போவும். இதத் தட்டிப் பாரேன், டங்குடங்குனு சத்தம் வருது. வெயில்ல கெடந்து சுருங்கி, சந்து வுட்டுப்போச்சு. அந்தச் சந்துலதான் ஆட்டுக்காலு பூந்திருக்கும்.

— இன்னாவோ. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மழை பேஞ்சா தண்ணி உள்ள வருது.

— படகு வேலைக்கு வரச்சொல்லிக் கடுதாசி போட்ட தைலம்மா நீதானக்கா?

— நாந்தான். எனக்கு எழுத வராது. தபாலாபீசு வாசல்ல குந்தியிருக்கறவருதான் எழுதிக் குடுத்தாரு. நீ நாகம்மா. ஒரு வாரத்துல வருவேன்னு நெனச்சேன், மூணு வாரம் ஆக்கிட்ட.

— வரலாமா வேணாமான்னு... உப்பளத்துல வேலை இருந்துச்சுக்கா. முடிச்சுட்டு வந்தேன். விடியல்ல மரக்காணத்துல பஸ்ஸு ஏறி, திண்டிவனத்துல மாறி, செஞ்சியில எறங்கி ஏரிக்கரை எதுன்னு கேக்கறேன், 'படகு வூட்டுக்கா?'ன்னு சிரிச்சுக்கிட்டே வழி காட்டறாங்க.

— சிரிப்பாங்க. ஒண்ணரை வருசமா சிரிக்கறாங்க. கோட்டையப் பாக்க வர்ற வெளியூர்க்காரங்கள்ல பாதிப் பேரு இதையும் பாத்துட்டுத்தான் பஸ்ஸு ஏறுறாங்க. குந்து. மோரு இருக்குது, குடி.

— மரத்தடியில, கயித்துக்கட்டில்ல படுத்திருக்கறது...

— எங்க வூட்டுக்காரரு. பச்சமுத்து. தை மாசம் கைகாலு வுழுந்துடுச்சு. வலப்பக்கம் பூரா அசைவு இல்ல, பேச்சும் போச்சு. காது கேக்கும், ஆளு தெரியும். எதுக்குன்னு இல்லாம அழுவாரு. ஏம்மா, மோரெல்லாம் சேலையில ஊத்திக்கினியே.

— கை வழுக்கிடுச்சுக்கா. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தது.

— சரி. இத இன்னா பண்ணலாம் சொல்லு.

— உனக்கு என்னா வேணும்னு மொதல்ல சொல்லேன். மழைக்கு மட்டும் தங்கறதுன்னா ஒரு மாதிரி வேலை. எப்பவுமே தங்கறதுன்னா வேற மாதிரி.

— பன்னெண்டு மாசமும்.

— ஏரி வத்திப்போனாக்கூடவா?

— வத்தினாலும், ரொம்பினாலும். அந்தா அந்த மண்ணு மேடு தெரியுதே, அதான் எங்க வூடு. அய்ப்பசியில கோட்டைமலைத் தண்ணியெல்லாம் எறங்கி ஏரிக்கு வருது. ஏரி ரொம்பினா எங்க வூட்டுக்கு வருது. செவுரு கரைஞ்சுடும். தையில மண்ணக் கொழைச்சு மறுபடியும் செவுரு வெப்பேன். கட்டிக்கினு வந்து முப்பது வருசம், இருவத்தாறு தடவ செவுரு வெச்சிருக்கேன். மழை பேயாத மூணு வருசம் சும்மா இருந்தேன், இந்த வருசம் முடியல.

— வேற எடம் பாத்திருக்கலாமே?

— பொறம்போக்கு நெலந்தான் மே. இத வுட்டா எடம் ஏது?

— அவரு... உங்க வூட்டுக்காரரு கூட நின்னு செய்ய மாட்டாரா?

— அவரு எங்க இங்க இருந்தாரு? உங்க ஊரு காவாயிலதான் படகு ஓட்டினாரு. உப்பும் வெறவும் ஏத்திக்கினு மெட்ராசுக்குப் போறது, வர்றது. தீவாளிக்கு ஒரு தடவ வருவாரு. பொங்கலுக்கு ஒரு தடவ. பொங்கலு சாப்டுட்டு, செவுருக்கு மண்ணு வெட்டற அன்னிக்குக் கெளம்பிடுவாரு. அறுபத்தாறு புயல்ல காவா மண்ணு மூடித் தூந்துபோச்சு இல்ல, அப்பறந்தான் வூட்டுக்கு வந்தாரு. வரும்போது இந்தப் படக வாங்கி, உப்பு லாரியில ஏத்திக்கினு வந்தாரு. 'தைலம், இனிமே நீ செவுரு வெக்க வேணாம், தண்ணி வந்தா வூடே மெதக்கும்'னாரு.

— வாங்கினேன்னா சொன்னாரு?

— ஆமா. ஏன்?

— ஒண்ணும் இல்லக்கா. கேட்டேன்.

— மெதந்துச்சுதான். போன வருசம் ரெண்டு மாசம் இதுலதான் இருந்தோம். ஆனா ரா பகலா தண்ணி எறைச்சோம். அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சோத்துப்பானைய வெச்சுக்கினு. தண்ணி வடிஞ்சதும் நல்லா பண்ணிடறேன்னு உளிய எடுத்தாரு. அதோ, அந்தப் பலகையில பாதி சீவி வுட்டிருக்குதே, அதச் சீவும்போதுதான் வுழுந்தாரு. இப்ப வூடும் இல்ல, படகும் இல்ல. மரத்தடிதான்.

— நான் ஏறி பாக்கறேன். அந்தப் பக்கம் புடிச்சுக்கக்கா.

— பாத்து.

— கேளேன். அடிப்பலகை நல்ல பலகை. நாலு பலகை மட்டும் மாத்தணும். சந்து முழுக்க நாரு அடைச்சு, குங்கிலியம் உருக்கி ஊத்தணும். மேல பனையோலைக் கூரை. தாழ்வாத்தான் போடணும், ஒசத்திப் போட்டா காத்துல சாஞ்சுடும். அடுப்புக்கு ஒரு மரப்பெட்டி செஞ்சு, மண்ண ரொப்பி, அதுக்கு மேல வெக்கலாம். அப்பறம் வெயில் காலம். படகுக்கு எமன் தண்ணி இல்லக்கா, வெயிலுதான். ஏரியில பள்ளமான எடமாப் பாத்து, படகு குந்தற அளவுக்குக் குழி வெட்டணும். ஏரி வத்தினாலும் குழியில ஒரு சாண் தண்ணி நிக்கும். கோடை பூரா கோணிய நனைச்சு ரெண்டு பக்கமும் தொங்கவுடணும். அது மட்டும் ஒரு நாள்கூட தவறக் கூடாது.

— ஒரு நாள்கூட கூடாதா?

— பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு இருக்கற மாதிரிதான்.

— எத்தினி நாளு புடிக்கும்?

— ரெண்டு ஆளு இருந்தா இருவது நாளு.

— ரெண்டாவது ஆளு நாந்தான். சோறு ஆக்கறேன், சாப்டுட்டு ஆரம்பி.

*

— நார இவ்வளவு தடியா திரிக்காதக்கா. சந்துக்குள்ள போவாது. சுண்டுவெரல்ல பாதி இருக்கட்டும்.

— பத்து நாளா திரிக்கறேன், இன்னும் கை வரல. வெரலெல்லாம் அறுந்துபோச்சு.

— எண்ணெயத் தடவிக்க. இந்த முந்திரிக்கொட்டை எண்ணெய இல்ல, தோலு வெந்துடும். தேங்கா எண்ணெய். ஆமா, படகுக்கு மீன் எண்ணெய்தான வாங்கியாரச் சொன்னேன்?

— தருமதாசு நயினாரு வேணாம்னுட்டாரு. மேல்சித்தாமூர்க்காரரு, சமணரு, பக்கத்துக் கொல்லை அவருதுதான். கூரைக்கு ஓலையெல்லாம் அவரு தோப்புலதான் வெட்டிக்கினோம். 'மீன உருக்கி எடுக்கற எண்ணெய் எங் கொல்லைப் பக்கத்துல வேணாம்மா'ன்னு கையெடுத்துக் கும்புடறாரு. பண்ருட்டிக்கு ஆளு அனுப்பி இத அவரே வாங்கிக் குடுத்தாரு.

— இதுவும் நல்லதுதான். பூச்சி அண்டாது.

— நாகம்மா.

— என்னாக்கா?

— காலையில நான் எண்ணெய் எடுத்தாரப் போயிருந்தப்ப அவருக்குக் கஞ்சி குடுத்தியா?

— குடுத்தேன். பசியா இருப்பாரேன்னு.

— குடிச்சாரா?

— குடிச்சாரு.

— எவ்வளவு?

— சட்டி காலிக்கா.

— ஏழு மாசமா என் கையால மூணு வாயி. நாலாவது வாயிக்குப் பல்லக் கடிச்சுக்குவாரு. தாடையப் புடிச்சு ஊத்துவேன், பாதி கழுத்துல வழியும். நார எடு.

— யக்கா, நான் ஒண்ணு சொல்லணும்.

— குங்கிலியத்தக் கலக்கு மொதல்ல. அடி புடிச்சுடப் போவுது.

— கலக்கிக்கிட்டே சொல்றேன். நான் இந்தப் படகுக்குப் புதுசு இல்லக்கா. இதுலதான் இருந்தேன். அவரோட. பதினஞ்சு வருசம்.

— பதினாறு.

— என்னாது?

— பதினாறு வருசம். மூணு கொழந்தை தங்காம நாலாவதா எம் பொண்ணு மீனம்பா பொறந்தா. அந்த வருசம் அவரு தீவாளிக்கு வரல. கொழந்தையப் பாக்கக்கூட வரல. அங்கேர்ந்து எண்ணிப் பாரு.

— தெரிஞ்சுதான் கடுதாசி போட்டியா?

— தெரியாமலா உம் பேரு போட்டு எழுதுவேன்? ஊத்து மே. ஆறிடப் போவுது. இந்தச் சந்துல ஊத்து, நான் நார அமுக்கறேன்.

— பலகையெல்லாம் சிந்துதுக்கா.

— குடு இப்பிடி. நான் ஊத்தறேன்.

— உனக்கு யாரு சொன்னாங்க?

— யாரும் சொல்லல. நானே வந்து பாத்தேன். மீனம்பாவுக்கு எட்டு மாசம். அவள இடுப்புல வெச்சுக்கினு மரக்காணத்துக்கு பஸ்ஸு ஏறினேன். காவாக்கரையில போயி நின்னேன். ரெண்டு மூணு படகு போச்சு. அப்பறம் இது வந்துச்சு. அவரு முன்னால கோலு போட்டுக்கினு நின்னாரு. பின்னால நீ அடுப்புகிட்ட குந்திக்கினு இருந்த. கொழம்பு கொதிச்சுது. வாசன கரைக்கு வந்துச்சு.

— அய்யோ.

— 'ஏய்யா'ன்னு கூப்புடலாம்னுதான் வாயத் தெறந்தேன். நீ ஏதோ சொன்ன, அவரு சிரிச்சாரு. எங்க வூட்டுல அவரு அப்பிடி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வந்தா தூங்குவாரு, எழுந்தா சாப்புடுவாரு. இந்த ஆளுக்கு இப்பிடி சிரிக்கத் தெரியுமான்னு பாத்துக்கினே நின்னுட்டேன். படகு போயிடுச்சு. கரையில கேட்டு உம் பேர மட்டும் தெரிஞ்சுக்கினேன்.

— கூப்பிட்டிருக்கணும்க்கா நீ. கல்ல எடுத்து அடிச்சிருக்கணும்.

— காலையிலேர்ந்து சாப்புடல. கொழந்தைக்குப் பாலு குடுத்துக் குடுத்துத் தலை சுத்துது. கோவத்தவிட பசிதான் ஜாஸ்தி. ஒரு கடையில நாலு இட்லி தின்னேன். அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். அந்த வருசம் செவுரு பெரிய செவுரு, சீக்கிரம் ஆரம்பிக்கணும்.

— என்ன இப்பவாவது திட்டிடேன். ரெண்டு அடிகூட அடி. இப்பிடி ஒண்ணும் சொல்லாம ஊத்திக்கிட்டே இருக்கறியே.

— தெம்பு இல்ல மே. இன்னிக்கு இந்தப் பக்கம் முடிச்சாவணும். வானத்தப் பாரு.

— இன்னொண்ணும் இருக்குக்கா. அதையும் சொல்லிடறேன். சொல்லலன்னா இந்த வேலைய என்னால செய்ய முடியாது.

— சொல்லு.

— படக வாங்கினேன்னு உங்கிட்ட சொன்னாரே. வாங்கல. இது என்னப் பெத்த நைனா படகு. நைனா சாவும்போது எங்கிட்ட குடுத்துட்டுச் செத்தாரு. எனக்கு வேற சொத்து இல்ல, சொந்தம் இல்ல. புயல்ல காவா தூந்ததும், 'செஞ்சியில நல்ல ஆசாரி இருக்கான், பழுது பாத்து ஒரு மாசத்துல கொண்டாந்துடறேன்'னு லாரியில ஏத்தினாரு. நான்தான் கயிறு கட்டிக் குடுத்தேன். ஆடி வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பறம் உப்பளத்துக் கொட்டாயில போயி படுத்துக்கிட்டேன்.

— நீயுமா காத்துக்கினு இருந்த?

— என்னா பண்றது?

— போன வருசம் ரெண்டு மாசம் நான் உன் வூட்டுலதான் படுத்திருந்தேனா?

— அப்பிடி இல்லக்கா...

— இரு, கேக்கறேன். இந்தாய்யா! இங்க பாரு. படகு வாங்கினேன்னு சொன்னியே, எவ்வளவு பெருமையா சொன்ன. ஊரக் கூட்டிச் சொன்ன. இவ நைனா படகாமே? கண்ண மூடாத. ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறோம், தெறந்து பாரு. ஒருத்திகிட்ட எடுத்து ஒருத்திக்குக் குடுத்தா கணக்கு சரியாயிடும்னு நெனச்சியா?

— வுடுக்கா. மூச்சு வாங்குது அவருக்கு.

— அழுவறாரு. அழட்டும். துடைக்காத, கொஞ்ச நேரம் அழட்டும்.

— அவரு நல்லது பண்ணணும்னுதான் நெனச்சிருப்பாரு உனக்கு. ரொம்ப வருசம் பண்ணாம வுட்டத ஒரேயடியா பண்ணிடலாம்னு.

— நீ இன்னா மே, அவருக்காகப் பேசற. உம் படகுதான போச்சு?

— போச்சுதான். நெனச்சா வயிறு எரியத்தான் எரிஞ்சுது. உங் கடுதாசி வந்ததும், போயி சண்டை போட்டு படக மீட்டுக்கிட்டு வந்துடணும்னுதான் நெனச்சேன். எங்க ஓட்டறது? காவாயே இல்ல. சரி, ஒருக்கா பாத்துட்டாவது வந்துடலாம்னு வந்தேன்.

— படகையா, அவரையா?

— ரெண்டையுந்தான்.

— பாத்துட்ட.

— பாத்துட்டேன். இப்பிடிப் பாப்பேன்னு நெனைக்கல.

— சரி, தொடைச்சு வுடு அவருக்கு. ஈ மொய்க்குது. அப்பறம் வா, இன்னும் ஒரு முழம் இருக்குது.

*

— அடுப்பு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா நாகு?

— உன் வூடு, நீ சொல்லுக்கா.

— உனக்கு எது தோதோ அத வை.

— காத்து கோட்டைமலைப் பக்கத்துலேர்ந்து வருது. பின்பக்கம் வெச்சா பொகை அவரு மேல போவாது. அவரு தலமாட்டு இங்க. ராத்திரி புரட்டிப் படுக்க வெக்கணும்னா ஒரு ஆளு குந்தற எடம் நடுவுல வேணும்.

— அவ்வளவு எடம் போதுமா? குனிஞ்சு தூக்கிப் பாரு.

— தூக்கிப் பாத்துட்டேன். ஆளு பாதியா எளைச்சுட்டாரு, லேசாத்தான் இருக்காரு. அவரு படுக்கற பலகைய ஓரமா ஒரு மொழம் ஒசத்திப் போட்டா நமக்கு முதுகு வலிக்காது.

— ஒசத்து. சட்டிபானைக்குப் பலகை?

— உனக்கு எட்டற ஒசரம் எவ்வளவு? கையத் தூக்கு.

— எனக்கு எட்டாட்டிப் பரவால்ல. உனக்கு எட்டற மாதிரி அடி.

— நான் மழை வந்ததும் போயிடுவேன், எனக்கு எதுக்கு? தூக்கு கைய. ஆங், இங்க.

— மீனம்பா நெய்வேலியிலேர்ந்து எழுதியிருக்கா. 'நைனாவையும் கூட்டிக்கினு இங்க வந்துடு'ங்கறா. கம்பெனி குடுத்த வூட்டுல ஒரே அறை. அவ மாமியாரு ஒரு பக்கம் இருமிக்கினு கெடக்கறா. அங்க இவரக் கொண்டுபோயி எங்க போடறது?

— நீ மட்டுமாவது பத்து நாளு போயி இருந்துட்டு வாயேன்க்கா. நான் இருக்கற வரைக்கும்.

— ஆணி குடு. இந்தக் கட்டை ஆடுது.

— கடைசியா எப்ப ரா முழுக்கத் தூங்கின?

— கேள்வியப் பாரு. ஆணி குடு மே.

*

— தண்ணி படகத் தூக்குதா?

— இன்னும் இல்ல. பின்பக்கம் தரையில குந்தியிருக்கு. கயித்த இழுக்காதக்கா, அதுவா எழுந்திரிக்கட்டும்.

— மூணு நாளா ஊத்துது. கோட்டையே தெரியல. கரைமேல நின்னுக்கினு ஒரே கும்பல், நாம முழுவறதப் பாக்கலாம்னு.

— பாக்கட்டும். அவரு என்னா பண்றாரு?

— முழிச்சுனுதான் இருக்காரு. எடது கையால பக்கப்பலகையத் தடவிக்கினே இருக்காரு. தண்ணிச் சத்தம் கேக்குது இல்ல... அய்யய்யோ, ஆடுது மே! ஆடுது!

— எழுந்திரிச்சுடுச்சு! குந்துக்கா, நிக்காத! நடுவுல குந்து!

— தண்ணி வருதா? அடுப்புகிட்ட பாரு.

— காஞ்சு கெடக்கு.

— அவரு கால்மாட்டுல?

— துளி இல்ல.

— பின்னால?

— குறுக்குக்கட்டைக்கு அடியில லேசா கசியுது. வேர்வ மாதிரி. பலகை ஊறினா நாளைக்கே நின்னுடும். அவ்வளவுதான்க்கா. மெதக்குது உன் வூடு.

— போன வருசம் இந்நேரம் முழங்காலு தண்ணியில நின்னுகினு எறைச்சேன்.

— இனிமே எறைக்க வேணாம். அழுவறியாக்கா?

— இல்ல. பொகை.

— அடுப்பே பத்தவெக்கலியே.

— தூக்கம் வருது மே. உக்காந்த எடத்துலயே கண்ணு சொக்குது. அவருக்கு இன்னொரு தடவ கஞ்சி குடுக்கணும், துணி மாத்தணும்...

— படு. நான் பாத்துக்கறேன்.

— நீ பாத்துக்கறியா?

— பாத்துக்கறேன்னு சொல்றேன் இல்ல. படு.

*

— விடியறதுக்கு முன்ன எழுந்து குளிச்சுட்டியா? இன்னிக்கு என்னா விசேசம்?

— அவலூர்பேட்டையில சந்தை. எட்டு மணி பஸ்ஸப் புடிக்கணும். கரைக்குப் பலகையப் போடு நாகு.

— இருக்கா, எனக்கும் ஒரு பேச்சு இருக்கு. கசிவு நின்னு அஞ்சு நாளாச்சு. வேலை முடிஞ்சுது. நானும் நாளைக்குக் கெளம்பலாம்னு பாக்கறேன்.

— உப்பளத்துல மழையில இன்னா வேலை?

— வேலை இல்லதான். அதுக்குன்னு இங்கயே குந்திக்கிட்டு இருக்க முடியுமா? உம் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

— என் மூஞ்சியில இன்னா இருக்குது?

— ஒண்ணும் இல்ல. அதான்.

— போறதப் பத்தி அப்பறம் பேசலாம். இப்ப சொல்றதக் கேட்டுக்க. காலையில கஞ்சி குடுத்தாச்சு. மத்தியானம் ரசஞ்சோத்தக் கொழைச்சுக் குடு. வெல்லம் கேப்பாரு, கண்ணால காட்டுவாரு, கொஞ்சமா குடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டணும், இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும். தேய்க்கற தைலம் அந்தச் செவப்பு சீசாவுல. மாத்திரை மஞ்சத் துணியில முடிஞ்சிருக்குது, ராத்திரிக்கு ஒண்ணு. வெள்ளிக்கிழமை நயினாரு வூட்டுலேர்ந்து அரிசி வரும்.

— வெள்ளிக்கிழமையா? இன்னிக்கு புதன்தான? சந்தைக்குப் போயி சாயந்திரம் வந்துடுவ இல்ல?

— மூட்டையத் தூக்கிக் குடு.

— என்னாக்கா இது, இவ்வளவு கனமா? சந்தைக்கு சேலையெல்லாம் எதுக்கு?

— அவலூர்பேட்டையில ராஜமதியம்மான்னு ஒருத்தங்க, நயினாருக்குத் தங்கச்சி முறை. மல்லாட்டைக் கடலை மண்டி வெச்சிருக்காங்க. ஒடைக்கறதுக்கும் பொடைக்கறதுக்கும் ஆளு வேணும்னாங்க. மண்டிக்குப் பின்னால ஒரு ரூம்பு. ஓட்டுக் கூரை, கல்லு செவுரு. ஒரு ஆளு படுக்கலாம்.

— ஒரு ஆளா?

— ஒரு ஆளுதான்.

— எத்தினி நாளைக்குக்கா?

— மீனம்பாவுக்கும் எழுதிட்டேன். அவளுக்குப் புரியும், புரியாட்டியும் போவுது.

— அவருக்குத் தெரியுமா?

— விடியக்காலையில காதுகிட்ட சொன்னேன். எடது கையால எங் கையப் புடிச்சுக்கினாரு. கொஞ்ச நேரம் வுட்டேன். அப்பறம் ஒவ்வொரு வெரலா எடுத்துட்டு, எழுந்து குளிக்கப் போயிட்டேன்.

— யக்கா, வேணாம். எம்மேல இருக்கற கோவத்துல போற நீ. நான் இப்பவே எறங்கிப் போயிடறேன், நீ இரு. உன் புருசன், உன் வூடு.

— படகு உன்னுது. எங்கிட்ட சொன்னது நீதான்.

— அத நான் உனக்கே குடுத்துட்டேன். மனசார குடுத்துட்டேன்.

— எனக்கு வேணாம் நாகு. தண்ணிமேல எனக்குத் தூக்கம் வரல. கோவமெல்லாம் இல்ல. கோவப்படறதுக்கு ஒரு வயசு இருந்துச்சு, அந்த வயசுல செவுரு வெச்சுனு இருந்தேன். இப்ப அலுப்பா இருக்குது. வேற ஒண்ணும் இல்ல. ராத்திரி மழை சத்தம் கேட்டா எழுந்து உக்காராம, புரண்டு படுத்துத் தூங்கணும். அவ்வளவுதான்.

— ஊரு என்னா சொல்லும்?

— ஒண்ணரை வருசமா சிரிக்கறாங்க, இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும். பலகையக் கெட்டியா புடி, வழுக்குது.

— அப்ப... படகு வேலைக்குன்னுதான என்ன வரச்சொன்ன? கடுதாசியில அப்பிடித்தான எழுதியிருந்துச்சு?

— படகுக்கு இங்க பக்கத்துல அனந்தபுரத்துலயே ஆளு கெடச்சான் நாகு. அவருக்குத்தான் உன்ன வுட்டா வேற ஆளு கெடைக்கல.